கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்த பிறகு: முதல் சில வாரங்களுக்கான விளக்கம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 27 வயது. கீழ்த்தாடையின் வலப்புறத்தில் பாதி புதைந்து, அதற்கு முந்தைய கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து கிடந்த ஞானப்பல்லை நேற்று ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது கடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். இன்று காலை கன்னம் நேற்றைவிட வீங்கியிருக்கிறது. வாய் சரியாகத் திறக்கவில்லை. வீட்டில் வெந்நீரில் உப்புப் போட்டு அடிக்கடி கொப்பளிக்கச் சொல்கிறார்கள், நண்பர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, எப்போது வழக்கம்போலச் சாப்பிடலாம், எப்போது வேலைக்குப் போகலாம், எதைக் கண்டால் பயப்பட வேண்டும், தொந்தரவு தராமல் இடப்புறம் இருக்கும் இன்னொரு ஞானப்பல்லையும் எடுத்துவிட வேண்டுமா என்பவை அவருடைய ஐயங்கள். வாய் அறுவை சிகிச்சையில் பணிபுரிபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்களுக்கு அறுவை செய்தவர் உங்கள் வாயையும் எக்ஸ்-ரேயையும் நேரில் பார்த்தவர். அவர் சொன்னதும் நான் சொல்வதும் மாறுபடும் இடத்தில் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் வீக்கம் கூடியிருப்பது இந்த அறுவையின் இயல்பான போக்கு. ஈறை எலும்பிலிருந்து விலக்கி, உப்பு நீரைப் பாய்ச்சியபடி எலும்பைக் கடையும்போது அங்குள்ள திசுக்கள் காயப்படுகின்றன. அந்தக் காயத்தை ஆற்றுவதற்காக இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரும் வெள்ளணுக்களும் சேர்ந்து, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன. எனவே நாளை உங்கள் முகம் இன்றைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலும் வியப்பதற்கில்லை. நான்காம் நாளிலிருந்து வடியத் தொடங்கி ஏழாம் நாளுக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். வாய் திறக்காததும் இதே கணக்கில்தான். மெல்லும் தசைகள் அறுவை நடந்த இடத்தை ஒட்டியே இருப்பதால் அவை இறுகிக்கொள்கின்றன. மரத்துப்போவதற்கான ஊசி போட்டதும் அந்தத் தசைகளுக்கு அருகில்தான். இரண்டாம், மூன்றாம் நாளில் இறுக்கம் மிகுந்து, ஓரிரு வாரங்களில் தளரும். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே உங்கள் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிந்தால் வாய் பழைய நிலைக்கு வந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஆகவே வலியும் வீக்கமும் எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டிலும், மூன்றாம் நாளுக்குப் பிறகு அவை நாளுக்கு நாள் குறைகின்றனவா, அல்லது ஒருமுறை குறைந்துவிட்டு மறுபடி கூடுகின்றனவா என்பதைக் கவனியுங்கள். கீழே நான் சொல்லவிருக்கும் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

பல் இருந்த குழியில் இப்போது நிறைந்திருப்பது உறைந்த இரத்தம். முழங்காலில் அடிபட்ட இடத்தில் கட்டும் பொருக்கு வெளிப்புறத்தை மூடிக் காப்பதுபோல, இந்த உறைவு குழிக்குள் திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கிறது. ஆனால் பொருக்கு உலர்ந்து கெட்டியாகிவிடும், இதுவோ எச்சிலில் ஊறிக்கொண்டே இருப்பதால் முதல் சில நாள்களுக்கு மிகவும் மென்மையாக இருக்கும். முதல் ஒரு வாரத்தில் இந்த உறைவுக்குள் புதிய இரத்தக் குழாய்களும் இளந்திசுவும் புகுந்து வளர்கின்றன; மூன்று முதல் ஐந்து வாரங்களில் மேலே ஈறு மூடிக்கொள்கிறது; அடியில் எலும்பு நிரம்பி எக்ஸ்-ரேயில் தெரிவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள்வரை ஆகும். இந்த வேலை முழுவதும் உறைவு தன் இடத்தில் இருப்பதைப் பொறுத்தே நடப்பதால், முதல் சில நாள்களுக்குச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அதைக் கலைக்காமல் இருப்பதற்கானவை.

உங்கள் வீட்டில் சொல்லும் உப்புநீர் நல்ல யோசனைதான், நாள்தான் பொருந்தவில்லை. முதல் 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கவே கூடாது, சூடான நீரில் கட்டாயமாகக் கூடாது. சூடு இரத்தக் குழாய்களை விரித்துக் கசிவை மறுபடி தொடங்கிவைக்கும். கொப்பளிக்கும் விசை உறைவைப் பெயர்த்துவிடும். 24 மணி நேரம் கடந்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வாயில் வைத்துக்கொண்டு தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்துவிட்டு, உமிழாமல் வாயைத் திறந்து தொட்டியில் தானாக வழியவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும், படுக்கும் முன் ஒரு முறையும் இப்படிச் செய்து ஒரு வாரம் தொடர்ந்தால் போதும். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத வாய்கழுவு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் இதே மென்மையோடு பயன்படுத்தலாம். பற்பசையின் நுரைப்பொருள் அந்த மருந்தின் திறனைக் குறைக்கும் என்பதால் பல் துலக்கியதற்கும் அதற்கும் இடையே அரைமணி நேரமாவது விட வேண்டும். நாள்கணக்கில் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், அதைப் பின்னர் சுத்தம் செய்துகொள்ளலாம். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கமுடையவர்கள் இரண்டு வாரத்துக்கு அதை ஒத்திவைப்பது நல்லது, ஏனெனில் பத்து, பதினைந்து நிமிடம் வாய்க்குள் எண்ணெயை இழுத்து இழுத்துச் சுழற்றுவது ஆறும் குழிக்கு ஏற்ற பயிற்சியன்று.

உறிஞ்சுவதும் அப்படியே. ஸ்ட்ரா வைத்துக் குடிப்பதால் மட்டும் உறைவு பெயர்ந்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு வாரம் ஸ்ட்ரா இல்லாமல் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்பதால் நான் தவிர்க்கவே சொல்வேன். இளநீர் இந்த நாள்களுக்கு மிகவும் ஏற்ற பானம். கடையில் ஸ்ட்ரா செருகித் தருவதை அப்படியே உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். எச்சிலில் சிவப்புச் சாயல் தெரிகிறது என்று நொடிக்கொரு முறை காறித் துப்புவதுதான் ஸ்ட்ராவைவிடப் பரவலாக நடக்கும் தவறு. முதல் நாள் முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. ஒரு சொட்டு இரத்தம் வாய் நிறைந்த எச்சிலையும் சிவப்பாக்கிக் காட்டும். அதை விழுங்கிவிடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை.

உண்மையிலேயே இரத்தம் ஒழுகினால், அதாவது வாய் சிவந்த உறைவுகளால் திரும்பத் திரும்ப நிறைந்தால், சுத்தமான காஸ் துணியை மடித்துச் சற்று ஈரமாக்கிக் குழியின் மேல் நேராக வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல் 30 நிமிடம் விடாமல் கடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு நிற்பதில்லை, ஏனென்றால் எடுக்கும்போதெல்லாம் அப்போதுதான் உறைந்ததும் துணியோடு வந்துவிடுகிறது. வெறும் பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் குழியில் ஒட்டிக்கொள்ளும். காஸ் கிடைக்காத இடத்தில் தேயிலைப் பையை நனைத்துப் பிழிந்து ஆறவைத்துக் கடிக்கலாம். தேயிலையிலுள்ள டானின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும். இரண்டு முறை இப்படிக் கடித்தும் நிற்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

ஐஸைப் பொறுத்தவரை நண்பர்கள் பாதி சரி. கன்னத்தின் வெளிப்புறத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் விட்டு மறுபடி வைப்பது முதல் நாளில் இதமாக இருக்கும். வீக்கத்தை அது குறைக்கும் அளவு மிதமானதுதான். இரண்டு நாளுக்குப் பிறகு பனிக்கட்டியால் பயனில்லை. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். ஐஸ்கிரீம் சாப்பிடலாம், ஆனால் முந்திரி, பாதாம், கோன் இல்லாததாகக் கரண்டியால் சாப்பிடுங்கள். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுத்தால் காலையில் முகம் அவ்வளவு கனக்காது.

வலி மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகெங்கும் புதிய வலிநிவாரணிகளைச் சோதிக்க மருந்தாய்வாளர்கள் 1970களிலிருந்து பயன்படுத்திவரும் களம் இந்த ஞானப்பல் அறுவைதான். இளவயதினர், உடல்நலம் உள்ளவர்கள், ஒரே வகையான காயம், சில மணி நேரத்தில் கட்டாயம் வரும் வலி என எல்லாம் ஒத்துவருவதே காரணம். இதனால் வேறு பல வலிகளைவிட இந்த வலிக்கு எது நன்றாக வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 1000 மி.கி.யைவிட நன்றாகக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. அபின் வகை மாத்திரைகளுக்குப் பெரும்பாலோரிடம் தேவையே எழுவதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இபுப்ரோஃபென் வகை மருந்தைத் தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்த்தோ முதல் தேர்வாகச் சொல்கிறது. மரப்பு முற்றிலும் விலகுமுன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வலி வரட்டும் என்று காத்திராமல் எழுதிக்கொடுத்த நேரப்படி, உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதே நல்ல பலன் தரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் வரும் பல மாத்திரைகள் கூட்டு மாத்திரைகள். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. உடன் பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தது மிகவும் வழக்கமானது. அதைப் போட்டுக்கொண்டே, காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறதென்று கடையில் 650 மி.கி. பாராசிட்டமாலை வாங்கி அடிக்கடி விழுங்குபவர்கள், தாம் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எடுப்பதை உணர்வதில்லை. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் வரம்பு இதைவிடக் குறைவு. குடற்புண், சிறுநீரகக் குறைபாடு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர்களும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைத் தாமாக எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் அறுவைக்குப் பின் கடும் காய்ச்சல் வந்து டெங்குவோ என்ற ஐயம் இருந்தாலும் அந்த வகையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறின் மேல் வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது வலியைக் குறைப்பதற்கு மாறாக அந்த இடத்தை வெண்மையாக வெந்துபோகச் செய்யும்.

ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் கட்டாயமன்று. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, புதைந்த ஞானப்பல் எடுத்தவர்களில் ஒருவருக்கு வரும் தொற்றைத் தடுக்க ஏறக்குறைய 19 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எலும்பு கடைந்து எடுத்த உங்களைப் போன்றவர்களுக்குப் பல மருத்துவர்கள் எழுதுகிறார்கள், அதில் தவறில்லை. எழுதியிருந்தால் சொன்ன நாள் முழுவதும் சாப்பிடுங்கள், எழுதாவிட்டால் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அது முடிந்து இரண்டு நாள் ஆகும்வரை மது கூடாது.

டிரை சாக்கெட் என்று எல்லாரும் அஞ்சுவது எது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். 1896இல் கிராஃபோர்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். உறைவு பெயர்ந்தோ உரிய காலத்துக்கு முன்பே கரைந்தோ போய், எலும்பு வெறுமையாகக் காற்றுக்கும் எச்சிலுக்கும் உணவுக்கும் திறந்து கிடப்பதே இந்நிலை. வெளியிலிருந்து படும் விசை மட்டுமே இதற்குக் காரணமன்று. அடிபட்ட எலும்பிலிருந்தும் நுண்ணுயிரிகளிலிருந்தும் வெளிப்படும் பொருள்கள் உறைவைத் தாங்கி நிற்கும் ஃபைப்ரின் இழைகளை உள்ளிருந்தே கரைத்துவிடுகின்றன என்று 1970களில் பிர்ன் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. ஆகவே எல்லா விதிகளையும் கடைப்பிடித்தவருக்கும் இது வரலாம். வந்தவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. சாதாரணமாகப் பிடுங்கிய பல்லில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு வருவது, கீழ்த்தாடை ஞானப்பல்லில் அதைவிடப் பல மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கும், ஏற்கெனவே அந்த இடத்தில் சீழ் வைத்திருந்தவர்களுக்கும், எடுப்பதற்கு நெடுநேரம் ஆன பல்லுக்கும் வாய்ப்புக் கூடுதல்.

அதன் அடையாளம் மிகத் தெளிவானது. முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வந்து, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே திடீரென்று கூடி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவி, மாத்திரைக்கு அடங்காமல் தூக்கத்தைக் கெடுக்கும். வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருக்கும். குழிக்குள் பார்த்தால் உறைவு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற எலும்பு தெரியும். காய்ச்சலோ புது வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. இது ஆன்டிபயாடிக்கால் தீரும் தொற்று அன்று. மருத்துவமனையில் குழியை உப்பு நீரால் கழுவி, யூஜினால் கலந்த மருந்தை வைத்தால் பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி குறையும். இரண்டு மூன்று முறை மாற்றி வைக்க வேண்டியிருக்கலாம், ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். யூஜினால் கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருள்தான் என்றாலும், வீட்டிலிருக்கும் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணிக்காதீர்கள். அடர்த்தியான எண்ணெய் ஈறையும் நாக்கையும் புண்ணாக்கும், பஞ்சு உள்ளேயே தங்கித் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

குழியின் மேல் மூன்றாம் நாளிலிருந்து வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ ஒரு படலம் தெரியும். கைபேசி வெளிச்சத்தில் அதைப் பார்த்துச் சீழ் என்று பதறுபவர்கள் மிகப் பலர். அது ஆறும் காயத்தின் மேல் படியும் ஃபைப்ரின் படலம். தொட்டுப் பார்க்கவோ துடைத்தெடுக்கவோ கூடாது. சீழ் என்றால் அழுத்தும்போது வழியும், உப்புக் கரிக்கும், கூடவே வலியும் வீக்கமும் வளரும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை, ஏனெனில் நம் சமையலில் மெல்லாமல் விழுங்கக்கூடியவை ஏராளம். இன்றும் நாளையும் ஆறவைத்த கஞ்சி, நன்கு கரைத்த ராகிக் கூழ், மோர், பால், இளநீர், மசித்த வாழைப்பழம். மூன்றாம் நாள் முதல் குழைய வடித்த சோற்றில் பருப்பு, தயிர், காரமில்லாத ரசம் ஊற்றிப் பிசைந்தது, ஆறிய இட்லி, இடியாப்பம், குழைவாகச் செய்த முட்டை. ஒரு வாரத்துக்குப் பிறகு தோசை, மீன், வெந்த காய்கறி என்று இடப்புறமாக மென்று படிப்படியாகப் பழைய உணவுக்கு வரலாம். முறுக்கு, மிக்சர், வறுத்த கடலை, அப்பளம், வத்தல், சிப்ஸ் ஆகியவற்றை மூன்று நான்கு வாரம் தள்ளிவையுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று தாளிப்பு. கடுகு, எள், உடைத்த மிளகு, தக்காளி விதை ஆகியவை குழியின் அளவுக்குச் சரியாகப் பொருந்தி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நாக்காலும் கொப்பளித்தும் எடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு உங்கள் தட்டுக்கு மட்டும் தாளிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ரொட்டியும் பாலும் மட்டும் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பருப்பும் முட்டையும் சீழ் வைக்கச் செய்யும் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை மட்டுமே. காயம் ஆறுவதற்குப் புரதம்தான் முதல் தேவை. சொல்லப்போனால், ஏழு நாளைக்குப் பின்னும் சோர்ந்து கிடப்பவர்களில் பலருக்குக் காயம் நன்றாகவே ஆறியிருக்கும், போதுமான உணவும் நீரும் போகாததே குறையாக இருக்கும். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை கெடும் என்ற நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. பற்களின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

புகையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சிகரெட், பீடி எதுவாயினும் குறைந்தது ஐந்து நாள், முடிந்தால் இரண்டு வாரம் கூடாது. உறிஞ்சும் விசை ஒருபுறம். இரத்தக் குழாய்களை நிக்கோட்டின் சுருக்குவதால் குழிக்கு வரும் இரத்தம் குறைவது மறுபுறம். புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மற்றொரு கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாமா என்று கேட்பதுண்டு, கூடாது. வெற்றிலை பாக்கும், சுண்ணாம்பு காயத்தில் படும் என்பதாலும் பாக்குத் துகள் குழியில் தங்கும் என்பதாலும், ஈறு மூடும்வரை வேண்டாம்.

மற்றப் பற்களை இன்றிரவே மென்மையான பிரஷால் துலக்கலாம், துலக்கவும் வேண்டும். அழுக்குப் படிந்த வாயில் காயம் நன்றாக ஆறாது. தையல் இருக்கும் இடத்தை மட்டும் மூன்று நான்கு நாள் விட்டுவிடுங்கள். கறுப்புப் பட்டு நூல் என்றால் ஏழாம் நாளையொட்டி எடுக்க வேண்டும். கரையும் நூல் என்றால் தானாக உதிரும், ஒரு நுனி நாக்கில் இடறினால் இழுக்காதீர்கள். தையல் போன பிறகு குழி இன்னும் திறந்தே இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மூடச் சில வாரங்கள் ஆகும் என்று மேலே சொன்னேன். உணவு தங்கினால் குச்சியாலோ ஊக்காலோ குடையாமல், ஒரு வாரத்துக்குப் பிறகு மருத்துவர் தரும் வளைந்த முனைச் சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து மெல்லப் பாய்ச்சிக் கழுவலாம். சிலருக்குச் சில வாரம் கழித்து ஈறிலிருந்து கூர்மையான சிறு எலும்புச் சில்லு எட்டிப்பார்க்கும். பல்லின் துண்டை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தானாக வெளியே வரும், அல்லது மருத்துவர் நொடியில் எடுத்துவிடுவார்.

மரப்பு விலகிய பிறகும், அதாவது இன்று மாலைக்குள்ளும், கீழுதட்டிலோ மோவாயிலோ நாக்கின் ஓரத்திலோ உணர்ச்சி வரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கீழ்த்தாடை நரம்பு ஞானப்பல்லின் வேருக்கு அடியிலும் நாக்கு நரம்பு அதன் உட்பக்கத்திலும் செல்வதால், நூற்றில் சிலருக்குத் தற்காலிகமாக மரத்துப்போகும்; வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் திரும்பிவிடும். நிலைத்துவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தொடக்கத்திலேயே அளந்து குறித்துவைத்தால்தான் முன்னேற்றத்தை ஒப்பிட முடியும் என்பதால் சொல்லச் சொல்கிறேன். அதுவரை சூடான காப்பியில் கவனம் வேண்டும், உதடு வெந்தாலும் தெரியாது.

உடனே செல்ல வேண்டிய நிலைகள் இவை: மூன்றாம் நாளுக்குப் பிறகு புதிதாக வளரும் வீக்கம், 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், சீழ் வழிதல், தளர்ந்துவந்த வாய் மறுபடி இறுகுதல். இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொண்டையில் எச்சிலை விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கப்படுதல், தாடைக்கு அடியில் இருபுறமும் கல்போல் வீங்குதல், குரல் மாறுதல், மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பல் மருத்துவமனைக்கு அல்ல, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், தேவையானால் 108ஐ அழையுங்கள். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படும் இந்த வாய்த்தளத் தொற்று மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது; அரிதென்றாலும் மணிக்கணக்கில் முற்றிவிடும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று முதல் வாரத்தில் மட்டுமே வரும் என்றும் இல்லை, முற்றிலும் ஆறியதுபோல் இருந்து ஒரு மாதம் கழித்துக் கன்னம் வீங்குவதும் உண்டு. கடினமானதைக் கடிக்கும்போது இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தாடையில் வெடிப்பதுபோல் சத்தம் கேட்டுப் பற்கள் பொருந்தாமல் போவது மிக மிக அரிது, பெரும்பாலும் 40 வயதைக் கடந்த ஆண்களுக்கு நேர்வது. எலும்பு கடைந்த தாடைக்கு முறுக்கையும் கரும்பையும் தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் நீரிழிவு உள்ளவர்கள், உணவு குறைந்த நாளிலும் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துவிட்டு மயங்கி விழுவதுண்டு. அளவை மாற்றுவது பற்றி அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, ஏனெனில் ஈறிலிருந்து கசியும் இரத்தத்தைக் கடித்து நிறுத்திவிடலாம், மூளையிலோ இதயத்திலோ ஏற்படும் அடைப்பை அப்படி நிறுத்த முடியாது. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பல் எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். மேல்தாடை ஞானப்பல் எடுத்தவர்கள் இரண்டு வாரத்துக்கு மூக்கைப் பலமாகச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அந்த வேர்களுக்கு மேலே உள்ள சைனஸ் அறைக்கும் வாய்க்கும் இடையே திறப்பு உண்டாகாமலிருக்க இது தேவை.

வேலைக்குப் போவதைப் பொறுத்தவரை, உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் மூன்றாம் அல்லது நான்காம் நாள் போகலாம். நாள் முழுவதும் பேச வேண்டிய ஆசிரியர், அழைப்பு மையப் பணியாளர் போன்றவர்கள் ஒரு வாரம் விடுப்பு எடுப்பது நல்லது. சுமை தூக்குதல், உடற்பயிற்சிக் கூடம், ஓட்டம், நீச்சல் ஆகியவை ஒரு வாரத்துக்கு வேண்டாம். இரண்டாம் வாரத் தொடக்கத்திலும் வாய் இறுக்கமாகவே இருந்தால், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்துவிட்டு, வலி தொடங்கும் இடம்வரை வாயைத் திறந்து சில விநாடி நிறுத்தி மூடுவதை நாளுக்கு நாலைந்து வேளை செய்யுங்கள்.

இனி இடப்புறப் பல். தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுப்பதா விடுவதா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே நோயில்லாத புதைந்த ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை என்று வழிகாட்டியது, அமெரிக்காவில் இளவயதிலேயே எடுத்துவிடும் போக்கு அதிகம். வயது கூடக்கூட எலும்பு இறுகுவதால் எடுப்பதும் ஆறுவதும் கடினமாகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒன்றுக்காக மட்டும் நோயில்லாத பல்லை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அது முழுவதும் எலும்புக்குள் புதைந்து கிடந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். வலப்புறம் போலவே பாதி வெளியே வந்து முன்னே சாய்ந்திருந்தால், அதற்கு முந்தைய கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் சொத்தை விழுகிறதா என்பதை எக்ஸ்-ரேயில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். சொத்தை தெரிந்தாலோ, ஈறு இரண்டாம் முறை வீங்கினாலோ எடுத்துவிடலாம். அப்போதும் வலப்புறத்தில் வலியில்லாமல் மெல்ல முடிகிற வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.